எஃப்8 அமுக்கினால் சம்மதம்

மென்பொருள் நிறுவும்போது வருகிற உரிம ஒப்பந்தத்தை யாராவது படிக்கிறார்களா? இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். படிப்பதில்லை. பதில் தெரிந்த கேள்வியை வைத்துக்கொண்டு எதற்கு ஒரு கட்டுரை என்றால், எனக்கு உறுத்துவது அடுத்த கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று சென்ட் இடம் வாங்க நாலு தடவை பத்திர எழுத்தரிடம் நடந்து, ஒவ்வொரு எல்லையையும் விரல் வைத்துப் பார்த்துச் சரிசெய்கிற அதே மனிதர், போனில் மட்டும் ஒரு வரிகூடப் பார்க்காமல் எப்படி 'ஐ அக்ரி' அமுக்குகிறார்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் எனக்கு அப்படித் தெரியவில்லை.

முதலில் என் தொழில் பக்கத்துச் சங்கதி. விண்டோஸ் எக்ஸ்பி போட்டுப் பழகியவர்களுக்கு அந்த நீலத் திரை ஞாபகம் இருக்கும். ஒப்பந்தத்தின் முதல் பக்கம் மட்டும் தெரியும். அடியில் 'எஃப்8 = சம்மதம், எஸ்கேப் = சம்மதமில்லை, பேஜ் டவுன் = அடுத்த பக்கம்'. அதற்கு முந்தைய என்.டி. 4-ல் பேஜ் டவுன் அமுக்கி அமுக்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போனால்தான் எஃப்8 வேலை செய்யும். எக்ஸ்பியில் அந்தச் சிரமமும் போய்விட்டது. ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்த காலத்தில், கம்ப்யூட்டர் ஃபார்மட் பண்ணித் தருகிற பையன்கள் திரையைப் பார்க்கவே மாட்டார்கள். சிடியைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டே இடது கையால் எஃப்8 தட்டுவார்கள். இதில் வேடிக்கை, அந்த சிடி பெரும்பாலும் கள்ள சிடியாகத்தான் இருக்கும். நகல் எடுக்க மாட்டேன் என்று சம்மதித்து நகலை நிறுவுவது!

சரி, பயன்படுத்துகிறவர் படிப்பதில்லை. தயாரிக்கிறவர் படிக்கிறாரா? இன்னோ செட்டப் மாதிரி ஒரு இன்ஸ்டாலர் கருவியில் உரிமப் பக்கம் வைப்பது ஒரு வரி வேலை. உரிமம் இருக்கிற கோப்பின் பெயரை 'லைசென்ஸ்ஃபைல்' என்ற இடத்தில் கொடுத்தால் போதும். ஏற்கிறேன், ஏற்கவில்லை என்ற இரண்டு வட்டங்களும் தானாக வந்துவிடும். அந்தக் கோப்பைப் பல நேரம் போன புராஜெக்டிலிருந்து எடுத்துப் போடுவதுதான் வழக்கம். இதற்கு என்னிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ஜி.பி.எல். உரிமத்தில் வருகிற பல கட்டற்ற மென்பொருள்களின் இன்ஸ்டாலர்கள், அந்த உரிமத்தைக் காட்டி 'ஏற்கிறேன்' அமுக்கச் சொல்கின்றன. ஆனால் ஜி.பி.எல். 3-ன் 9ஆம் பிரிவு, நிரலைப் பெறவோ ஓட்டவோ இந்த உரிமத்தை நீங்கள் ஏற்க வேண்டியதே இல்லை என்கிறது. திருத்தவும் பரப்பவும் போகிறவருக்குத்தான் அது பொருந்தும். சம்மதிக்கத் தேவையில்லை என்று சொல்லும் காகிதத்துக்குச் சம்மதம் வாங்குகிறார்கள் என்றால், அந்தத் திரையை வைத்தவர் 9ஆம் பிரிவு வரை போகவில்லை என்றுதானே அர்த்தம்?

இதையெல்லாம் யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று தேடினால் சில நல்ல ஆய்வுகள் கிடைக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது பாகோஸ், மரோட்டா-வர்க்லர், டிராசன் ஆகிய மூவர் 2014-ல் வெளியிட்டது. ஆய்வுக்கூடத்தில் யாரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கவில்லை. 90 மென்பொருள் விற்பனைத் தளங்களுக்கு ஒரு மாதத்தில் வந்த 48,154 பேரின் கிளிக்குகளை அப்படியே எடுத்துப் பார்த்தார்கள். உரிம ஒப்பந்தத்தின் பக்கத்தைத் திறந்தவர்கள் 1,000 பேருக்கு ஒருவர் அல்லது இருவர். திறந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு சிறு பகுதியைத் தாண்டிப் படித்திருக்க முடியாது. அவ்வளவு குறைந்த நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள்.

அவர்கள் இதை ஏன் அளந்தார்கள் என்பதுதான் முக்கியம். பொருளாதாரக்காரர்களிடம் ஒரு பழைய சமாதானம் உண்டு. எல்லோரும் படிக்க வேண்டியதில்லை, விஷயம் தெரிந்த ஒரு சிறுபான்மை படித்தால் போதும். மோசமான நிபந்தனை போட்டால் அந்த நாலு பேர் வாங்க மாட்டார்கள், அவர்களை இழக்கக் கூடாதென்று விற்பவர் ஒழுங்காக நடப்பார், அந்தப் புண்ணியத்தில் மற்றவர்களும் பிழைத்துக்கொள்வார்கள் என்பது அதன் சாரம். காய்கறிக் கடையில் இது நடக்கிறது. முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்குகிற நாலு பேர் இருப்பதால்தான் பார்க்காமல் வாங்குகிறவனுக்கும் நல்ல காய் கிடைக்கிறது. மென்பொருளில் அந்த நாலு பேரே இல்லை என்பதுதான் ஆய்வின் முடிவு. 1,000-க்கு ஒருவர் என்பது எந்த விற்பனையாளரையும் பயமுறுத்தாத எண்ணிக்கை.

இன்னொன்று, 2010-ல் போமே, கோப்செல் என்ற இருவர் செய்தது. 80,000 பயனர்களுக்குச் சம்மதம் கேட்கும் பெட்டியை வெவ்வேறு உருவத்தில் காட்டினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 8 விநாடிக்குள் முடிவெடுத்துவிட்டார்கள். அதைவிட முக்கியமாக, அந்தப் பெட்டி எவ்வளவுக்கெவ்வளவு உரிம ஒப்பந்தம் மாதிரி தெரிந்ததோ அவ்வளவுக்கவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தார்கள். அதாவது, படிக்காமல் விடுவது கவனக்குறைவு இல்லை. பல வருடம் திரும்பத் திரும்பக் காட்டி நமக்குப் பழக்கப்படுத்தியது.

வேடிக்கைச் சோதனைகளுக்கும் குறைவில்லை. பிசி பிட்ஸ்டாப் என்ற அமெரிக்க நிறுவனம் தன் உரிம ஒப்பந்தத்துக்குள், இந்த முகவரிக்கு எழுதினால் பண வெகுமதி உண்டு என்று ஒரு வரியைப் புதைத்து வைத்தது. 4 மாதமும் 3,000-க்கு மேற்பட்ட டவுன்லோடும் ஆன பிறகு ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டாலர் காசோலை போனது. 2010 ஏப்ரல் 1 அன்று கேம்ஸ்டேஷன் என்ற பிரிட்டிஷ் கடை, வாங்குகிறவரின் ஆன்மா இனி எங்களுக்கு என்று ஒரு நிபந்தனை போட்டது. சுமார் 7,500 பேர் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஓபார், ஓல்டார்ஃப்-ஹிர்ஷ் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு கற்பனை சமூக வலைத்தளம் கட்டி, கட்டணமாக முதல் குழந்தையைத் தர வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 543 மாணவர்களில் 98 சதவீதம் பேருக்கு அது கண்ணிலேயே படவில்லை. இவற்றைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் இவை எல்லாமே படிக்காதவனை முட்டாளாக்கிக் காட்டுகிற கதைகள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஏனென்றால் பத்திரத்தையும் யாரும் முழுசாகப் படிப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றம் இருக்கிற ஊர். விருதுநகர் மாவட்டத் தலைநகராக இருந்தாலும் முதன்மை நீதிமன்றம் இங்கேதான். அதனால் பத்திர எழுத்தர், வக்கீல், நோட்டரி, ஜெராக்ஸ் கடை என்று காகிதத்தைச் சுற்றியே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரிடம் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"முன்னாடி இருக்கிற நாலு பக்கத்த எவன் படிக்கான்? அது எல்லாப் பத்திரத்துக்கும் ஒண்ணுதான். நேரா கடைசிக்குப் போவாங்க. சர்வே நம்பரு, அளவு, நாலு மாலு. பேரு, இனிஷியல். அம்புட்டுதான்" என்றார்.

நாலு மால் என்பது நான்கு எல்லை. கிழக்கே இன்னார் வீடு, மேற்கே பொதுப்பாதை, வடக்கே ஓடை என்று வரும். 'மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்த' என்ற வாய்ப்பாட்டை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. ஆனால் மேற்கே பொதுப்பாதை என்பதற்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர் பேர் வந்துவிட்டால் ரகளைதான். எழுத்தறிவே இல்லாத பாட்டிகூட 'பாதை போட்டிருக்கா, படி' என்று கேட்டுவிட்டுத்தான் ரேகை வைப்பார். எந்த வரியில் ஆபத்து இருக்கிறது என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தெரியாதவனுக்குச் சொல்ல எழுத்தர் இருக்கிறார், வில்லங்கம் பார்க்க வக்கீல் இருக்கிறார், கூட வந்த மாமா இருக்கிறார். கடைசியில் சார்பதிவாளர் முன்னால் நின்று, ஆமாம் நான்தான் எழுதிக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் அதற்காகவே அந்த அதிகாரியை உட்கார வைத்திருக்கிறது.

உரிம ஒப்பந்தத்தில் இந்த ஏற்பாடு ஒன்றுமே கிடையாது. எந்த வரி நாலு மால், எந்த வரி வெறும் வாய்ப்பாடு என்று சொல்ல ஆளில்லை. ஆங்கிலம், அதிலும் வக்கீல் ஆங்கிலம். மாற்றச் சொல்லிக் கேட்க எதிரில் மனிதர் இல்லை. பேரம் பேச முடியாத காகிதத்தை எதற்குப் படிக்க வேண்டும்? படித்தாலும் அதே பொத்தானைத்தான் அமுக்கப் போகிறோம். ஆக, படிக்காமல் விடுவது ஒரு விதத்தில் கணக்குப் பார்த்து எடுக்கிற முடிவுதான்.

நீதிமன்றங்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஒரு தரப்பு அச்சடித்துக் கொடுப்பதும் மறுதரப்பு படிக்காமல் வாங்கிப் பையில் போடுவதும் ரயில் காலத்துக் கதை. 1877-ல் இங்கிலாந்தில் பார்க்கர் என்பவர் ரயில்வே ஸ்டேஷன் பொருள் வைப்பறையில் பையைக் கொடுத்தார், சீட்டு வாங்கினார், பை தொலைந்தது. மதிப்பு 24 பவுண்டு 10 ஷில்லிங். சீட்டின் பின்பக்கம் 10 பவுண்டுக்கு மேல் பொறுப்பில்லை என்று இருந்தது. நிபந்தனை இருப்பதை அவருக்குத் தெரியப்படுத்த நியாயமான அளவுக்கு முயற்சி எடுத்தார்களா என்பதுதான் கேள்வி என்றது நீதிமன்றம். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனில் 'பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று இருக்கிறதே, அதன் கொள்ளுத்தாத்தா இந்தச் சீட்டு. பிறகு 1956-ல் டென்னிங் பிரபு, சில நிபந்தனைகள் எவ்வளவு கடுமையானவை என்றால் அவற்றைச் சிவப்பு மையில் அச்சடித்து, அதைச் சுட்டிக்காட்டச் சிவப்புக் கை ஒன்றும் வரைந்தால்தான் போதும் என்ற பொருளில் எழுதினார்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கு உண்டு. 1966ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. லில்லி ஒயிட் என்ற சலவைக் கடை. சலவைக்குப் போட்ட புதுச் சேலை தொலைந்துவிட்டது. ரசீதில் அச்சடித்த நிபந்தனைப்படி, தொலைந்தால் துணியின் சந்தை மதிப்பில் 15 சதவீதம்தான் கேட்க முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 ரூபாய்ச் சேலையைத் தொலைத்துவிட்டு 30 ரூபாய் கொடுத்தால் கணக்கு முடிந்தது. கடைக்காரரே சேலையை எடுத்து வைத்துக்கொண்டாலும் லாபம்தான். இப்படிப்பட்ட நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு விரோதம், செல்லாது என்றது நீதிமன்றம். வாடிக்கையாளர் ரசீதைப் படித்தாரா இல்லையா என்பதைத் தாண்டி, நிபந்தனையே நியாயமா என்று கேட்டதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். 1986-ல் பிரோஜோ நாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றமும், பேரம் பேசும் பலமே இல்லாதவர் புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போட்ட அநியாய நிபந்தனையை 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தள்ளிவிடலாம் என்றது. அது வேலை ஒப்பந்தம் பற்றிய வழக்கு. ஆனால் காரணம் எல்லா அச்சடித்த காகிதத்துக்கும் பொருந்தும்.

அப்படியானால் கிளிக் செல்லுமா? பொதுவாகச் செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தம் சேர்த்த 10-ஏ பிரிவு, மின்னணு வழியில் செய்தது என்பதற்காக மட்டும் ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. அமெரிக்காவில் 1996-ல் புரோசிடி வழக்கில், பெட்டிக்குள் இருந்த உரிமத்தைக்கூட ஏற்றுக்கொண்டார்கள்: பிரித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமே என்பது வாதம். ஆனால் 2002-ல் நெட்ஸ்கேப்புக்கு எதிரான வழக்கில், டவுன்லோடு பொத்தானுக்குக் கீழே, ஸ்க்ரோல் பண்ணினால் மட்டும் தெரிகிற இடத்தில் இருந்த நிபந்தனை கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. படிக்க வாய்ப்புக் கொடுத்தும் நீங்கள் படிக்கவில்லை என்றால் அது உங்கள் பாடு. வாய்ப்பே கொடுக்கவில்லை என்றால் அவர் பாடு. இப்போது ஒவ்வொரு இன்ஸ்டாலரிலும் அந்தப் பெட்டியைத் தவறாமல் வைப்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் படிப்பதற்காக அல்ல. படிக்கக் கொடுத்தோம் என்று காட்டுவதற்காக.

காசு கொடுத்து வாங்கியதென்றால் நமக்கு இன்னொரு கதவும் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றைப் புதிதாக வரையறுத்தது. காரணமில்லாமல் ஒருதலையாக ரத்து செய்வது, சிறு மீறலுக்குப் பெரிய அபராதம், கடனை முன்கூட்டியே அடைக்க விடாதது எல்லாம் அதில் வரும். ஆனால் மாவட்ட ஆணையத்தில் இந்தப் புகாரைக் கொடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். வருடம் 600 ரூபாய் ஆன்டிவைரஸுக்காக எவர் போவார்?

இந்தியாவில் உரிம ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்த ஒரே கூட்டம் எது தெரியுமா? வரித்துறை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. மென்பொருள் கம்பெனிகள் எல்லாம் 'இது உங்களுக்கு விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே தரப்படுகிறது' என்று எழுதுகின்றன அல்லவா? நகல் எடுப்பதைத் தடுக்க எழுதிய வரி. வரித்துறை அதைப் பிடித்துக்கொண்டது. விற்கவில்லை என்றால் அது சரக்கு இல்லை, சேவை. சேவை வரி கொடு என்றது. மென்பொருள் விற்பனையாளர்கள் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் வந்த தீர்ப்பு, மென்பொருள் சரக்குதான், ஆனால் ஒவ்வொரு பரிமாற்றமும் விற்பனையா இல்லையா என்பது அந்த உரிம ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது என்றது. வரி விதிக்கும் அதிகாரமும் நிலைத்தது. பெட்டியைக் கைமாற்றி விற்கிற கடைக்காரர், உள்ளே இருக்கிற காகிதத்தில் எவனோ கலிபோர்னியாவில் எழுதிய வரிக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை.

வெளிநாட்டு மென்பொருளுக்குக் கொடுக்கிற பணம் ராயல்டியா என்பது இதைவிடப் பெரிய சண்டை. ராயல்டி என்றால் அனுப்பும்போதே வரி பிடிக்க வேண்டும். பல வருடம் இழுத்து 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில் தீர்த்து வைத்தது. நீதிபதிகள் உரிம ஒப்பந்தங்களின் பிரிவுகளை எடுத்துப்போட்டுப் படித்தே முடிவு சொன்னார்கள்: பேர் உரிமம் என்று இருந்தாலும் பயனருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும், பதிப்புரிமையில் எந்தப் பங்கும் இல்லை, ஆகவே ராயல்டி இல்லை. 2022-ல் குவிக் ஹீல் ஆன்டிவைரஸ் வழக்கிலும், சிடியில் விற்றது சரக்கே, சேவை வரி கிடையாது என்று ஆனது. கோடிக்கணக்கான பேர் எஃப்8 தட்டிக் கடந்த காகிதம், படிப்பதற்குக் காரணம் இருக்கிறவர் கையில் கிடைத்தால் என்ன பாடுபடுகிறது பாருங்கள்.

சரி, நமக்கு எது நாலு மால்? என் அனுபவத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முதலாவது, வணிக உபயோகம் பற்றிய வரி. 'இலவசம்' என்று இறங்குகிற பல மென்பொருள்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் இலவசம். வரியும் மாறிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் இலவசமாக இருந்த ஆரக்கிள் ஜாவா 8-ன் புது அப்டேட்டுகள் 2019 ஏப்ரலிலிருந்து நிறுவனங்களுக்குச் சந்தா ஆயின. டாக்கர் டெஸ்க்டாப் 2021-ல், 250 ஊழியருக்கு மேலோ 1 கோடி டாலர் வருமானத்துக்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குக் காசு என்றது. அடுத்தது தானாகப் புதுப்பித்துக் கார்டில் பணம் எடுக்கும் வரி. பிறகு வழக்கு எந்த ஊரில் என்கிற வரி. முழுசாகப் படிக்க வேண்டாம். கன்ட்ரோல்-எஃப் போட்டு 'கமர்ஷியல்', 'ரினியூ', 'ஆர்பிட்ரேஷன்', 'தேர்ட் பார்ட்டி' என்று ஆங்கிலத்தில் நாலு சொல்லைத் தேடினால் 5 நிமிட வேலை.

போனில் கதை வேறு. அங்கே ஆபத்து ஒப்பந்தத்தில்கூட இல்லை, அனுமதி கேட்கிற குட்டிப் பெட்டியில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வயர்மேன் ஏதோ ஒரு கடன் ஆப்பில் 5,000 ரூபாய் வாங்கினார். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்று அது கேட்டபோது 'அலவ்' கொடுத்திருக்கிறார். தவணை ஒரு வாரம் தள்ளியதும் அவர் மச்சான், மகள் படிக்கிற பள்ளி டீச்சர், வேலைக்குக் கூப்பிடுகிற மேஸ்திரி என்று வரிசையாகப் போன் போயிருக்கிறது. கடன் 5,000-தான், மனுஷர் ஒரு மாதம் தெருவில் தலைகாட்டவில்லை. மேஸ்திரி அதற்குப் பிறகு கூப்பிடவும் இல்லை.

இந்த மாதிரிக் கொடுமைகள் பெருகிய பிறகுதான் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில், கடன் ஆப்கள் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், படங்கள், கோப்புகள் எதையும் தொடக் கூடாது என்று விதித்தது. கேமரா, மைக், இருப்பிடம் மட்டும், அதுவும் அடையாளம் சரிபார்க்க ஒரே ஒரு தடவை. அதாவது நீங்கள் 'அலவ்' கொடுத்தாலும் வாங்கக் கூடாது. 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே வழியில் போகிறது. அதிலேயே ஓர் உதாரணம் தந்திருக்கிறார்கள்: தொலைமருத்துவ ஆப் ஒன்று தொடர்பு எண்களையும் கேட்கிறது, ஒருவர் இரண்டுக்கும் சம்மதிக்கிறார், வைத்தியத்துக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் வைத்தியத்தோடு நின்றுவிடும். லில்லி ஒயிட் ரசீதுக்குச் சொன்னதைத்தான் ஆப்புக்குச் சொல்லியிருக்கிறார்கள். அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளிலும், அதாவது தமிழிலும், பார்க்க வழி இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின; முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உருப்படியாகப் படுவது ரிசர்வ் வங்கியின் இன்னொரு விதி. கடனின் மொத்தச் செலவு, வருட வட்டி வீதம், கட்டணங்கள் எல்லாவற்றையும் சுருக்கி ஒரு முக்கிய விவரத் தாள் தர வேண்டும், கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும், விளக்கிச் சொல்லிவிட்டு, புரிந்தது என்று ஒப்புதலும் வாங்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் சொன்னது. பத்திர எழுத்தர் வாய்வார்த்தையாகச் செய்கிற வேலையைக் காகிதத்தில் கொண்டுவந்த மாதிரி. மென்பொருளுக்கு இப்படி ஒரு தாளை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, கொடுத்துப் பார்ப்போமே என்று தோன்றியது.

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்கிற ஒரு அண்ணாச்சிக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழக்கமான ஆங்கில உரிமத்தைப் போடாமல், தமிழில் 10 வரி. எத்தனை கம்ப்யூட்டரில் போடலாம், வருடச் சந்தா எவ்வளவு, நிறுத்தினால் உங்கள் கணக்கு விவரம் எந்த வடிவத்தில் கையில் வரும், என்னால் உங்கள் பில்களைப் பார்க்க முடியுமா முடியாதா, இப்படி. அச்சடித்து மேஜையில் வைத்தேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டினார். பேனாவை எடுத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டே போனவர், 6ஆவது வரியில் நிறுத்தினார். 'பேக்கப் எடுத்து வைப்பது வாங்குபவரின் பொறுப்பு' என்று இருந்த இடம்.

"இது ஆகாது தம்பி. எனக்கு பேக்கப்னா என்னன்னே தெரியாது. தெரியாத வேலைக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? அத நீங்க பாத்துக்கோங்க."

"அதுக்கு வருஷம் கொஞ்சம் கூட ஆகும் அண்ணாச்சி."

"எம்புட்டு?"

சொன்னேன். பாதிக்குக் கேட்டார். கடைசியில் 1,200-க்குப் படிந்தது. 6ஆவது வரியை அவரே அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதி, இரண்டு பேரும் சுருக்கொப்பம் போட்டோம். மாதாமாதம் முதல் சனிக்கிழமை நான்தான் சத்திரப்பட்டி போய் பேக்கப் எடுக்கிறேன்.